தோட்டத் தொழிலாளர் போனசும் தணிக்கையாளர் பொறுப்பும்

இடுக்கி மாவட்டம் மூணாறு, தேவிகுளம் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து கிள்ளுபவர்கள் பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். 19ஆம் நூற்றாண்டு முதல் தமிழக மாவட்டங்களிலிருந்து மலையேறி வந்த, பெருமளவு தலித் குடும்பங்களின் வழிவந்தவர்கள். கம்பெனியின் ஆண்டுக் கணக்கும் இவர்களுடைய கூலியும் நேருக்கு நேர் மோதியது 2015 செப்டம்பரில்.

2005இல் டாட்டா டீயிடமிருந்து தோட்டங்களை ஏற்ற கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ் நிறுவனத்தில் ஊழியர்களும் பங்குதாரர்கள். லாபம் சரிந்ததென்று 2015இல் போனஸ் 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஆண்கள் தலைமை வகித்த தொழிற்சங்கங்களை ஒதுக்கிவிட்டு, பெண்கள் 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் மூணாறில் சாலை மறித்தார்கள். லிசி சன்னி, கோமதி, இந்திராணி ஆகியோர் முன்னின்றனர். செப்டம்பர் 13 அன்று அரசு முன்னிலையில் உடன்பாடு ஏற்பட்டது: போனஸ் 8.33 சதவீதம், கருணைத்தொகை 11.67 சதவீதம், ஆக 20.

இந்தப் பிரிப்பைக் கவனிக்க வேண்டும். 8.33 என்பது நட்டத்தில் ஓடும் நிறுவனமும் கொடுத்தாக வேண்டிய குறைந்தபட்சம். மீதியைச் சட்டப்படி அடுத்த ஆண்டு உரிமையாகக் கேட்க முடியாது. நாட்கூலி 500 ரூபாய் வேண்டும் என்ற கோரிக்கை அக்டோபரில் 301 ரூபாயில் முடிந்தது.

குறைந்தபட்சத்துக்கு மேலான போனசை உபரி லாபம் தீர்மானிக்கிறது. உபரியைச் சொல்வது தணிக்கையான கணக்கு. 1965 போனஸ் சட்டத்தின் 23ஆம் பிரிவு அக்கணக்கைச் சரியென்றே தீர்ப்பாயம் கொள்ளலாம் என்றது. ஐயமிருந்தால் தொழிற்சங்கம் விளக்கம் கேட்டு விண்ணப்பிக்கலாம் என்றும் அது சொன்னது.

கணக்கே தவறானால்? சத்யம் நிறுவனக் கணக்கு மோசடிக்குப் பின் வந்த 2013 கம்பெனிகள் சட்டம், தெரிந்தே ஏமாற்றும் தணிக்கையாளருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. வாங்கிய ஊதியத்தைத் திருப்பித் தந்து இழப்பீடும் கொடுக்க வேண்டும். இழப்பீடு பெறக்கூடியவர்களில் 'வேறு எவரும்' என்றிருந்ததை 2017 திருத்தம் 'உறுப்பினர்கள் அல்லது கடன் கொடுத்தோர்' என்று சுருக்கிவிட்டது. ஆக, மூணாற்றுப் பெண் பங்குதாரராக நின்று கேட்கலாம். பாலக்காட்டு நெல்லியாம்பதித் தோட்டத்தில் பங்கில்லாமல் உழைப்பவருக்கு அந்தப் பிடியும் இல்லை.

பாகுபாட்டுக்கு எதிரான சட்டத்தின் எல்லையும் குறுகியதுதான். ஒரே வேலைக்கு ஆணுக்கொரு கூலி பெண்ணுக்கொரு கூலி கூடாது என்றது 1976 சம ஊதியச் சட்டம். கொடுக்க வசதியில்லை என்பது சாக்காகாது என்று 1987இல் மெக்கின்னன் மெக்கன்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கொழுந்து கிள்ளுவது பெண், மேற்பார்ப்பது ஆண் என்று வேலையே பிரிந்து கிடக்கும் தோட்டத்தில் எதை எதனோடு ஒப்பிடுவது? தனியார் முதலாளிக்கு எதிராகச் சாதியையும் மொழியையும் இச்சட்டம் பேசவே இல்லை.

2025 நவம்பர் 21 முதல் போனஸ் சட்டம், சம ஊதியச் சட்டம் ஆகிய இரண்டின் இடத்தில் 2019 ஊதியத் தொகுப்புச் சட்டம் நடைமுறையில் உள்ளது. போனஸ் தகராறில் அதிகாரி இருப்புநிலைக் குறிப்பை வரவழைத்துப் பார்க்கலாம். முதலாளி சம்மதித்தாலொழிய அதிலுள்ளதைத் தொழிலாளிக்குச் சொல்லக் கூடாது.