வயிறு சுருங்குமா?

"குறைத்துக் குறைத்துச் சாப்பிட்டால் வயிறு சுருங்கிவிடும், அப்புறம் பசியும் அவ்வளவாக எடுக்காது" என்று நம்மில் பலரும் சொல்லுவதுண்டு. காய்ச்சலில் படுத்து எழுந்தவன் இரண்டு பிடிச் சோற்றோடு கையைக் கழுவினால், "வயிறு சுருங்கிப் போச்சு, பாவம்!" என்கிறோம். பந்தியில் மூன்றாம் முறை சாம்பாருக்குக் கை நீட்டுகிறவரைப் பார்த்து, "மனுஷர் வயிற்றைப் பெருக்கிவிட்டார்" என்கிறோம். வயிறு ஒரு தோல் பை. இட்டால் பெருகும், இடாவிட்டால் சுருங்கும் என்பது நம் கணக்கு.

இந்தக் கணக்கில் பாதி சரி. மறு பாதி தப்பு. சரியான பாதியைக் கொண்டு ஒரு மனிதன் தன் உடம்பைச் சீர்படுத்திக்கொண்டான். தப்பான பாதியை நம்பிப் பிறர் வயிற்றை அளக்கப் புறப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் சென்னை ராஜதானியிலேயே சரித்திரம் இருக்கிறது. நான் வைத்தியன் அல்லன், கதை எழுதுகிறவன். ஆனால் பசியைப் பற்றி எழுதாமல் கதை எழுத முடியாது என்பதால், இந்த விஷயத்தைத் தேடிப் படித்தேன்.

முதலில் தன்னைச் சீர்படுத்திக்கொண்டவனைப் பார்ப்போம்.

இத்தாலியில், பாதுவா நகரில், அல்வீஸ் கோர்னாரோ என்றொரு பிரபு இருந்தார். சதுப்பு நிலங்களை வடித்து விளைநிலமாக்கிப் பணம் சேர்த்தவர். கட்டடக் கலையில் ரசனை உள்ளவர், கலைஞர்களை ஆதரித்தவர். வாலிபத்தில் தின்பதற்கும் குடிப்பதற்கும் அளவே வைத்துக்கொள்ளவில்லை. நாற்பது வயதை எட்டுவதற்குள் வயிற்று நோயும் மூட்டு வலியும் காய்ச்சலும் அவரைப் பிடித்துக்கொண்டன. அளவாகச் சாப்பிட்டால் பிழைக்கலாம், இல்லாவிட்டால் இல்லை என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள்.

கோர்னாரோ அளவு வைத்துக்கொண்டார். ஒரு நாளைக்கு ரொட்டி, முட்டை, இறைச்சி, சூப் எல்லாம் சேர்த்து 12 அவுன்ஸ். திராட்சை மது 14 அவுன்ஸ். நம் கணக்கில் உணவு ஏறக்குறைய 350 கிராம். இதே அளவில் பல பத்தாண்டுகள் ஓடின. கிழவர் இன்னும் கொஞ்சம் சாப்பிட்டால் தெம்பாக இருக்குமே என்று உறவினர்கள் ஒரு சமயம் வற்புறுத்தினார்கள். உணவை 14 அவுன்ஸாகவும் மதுவை 16 அவுன்ஸாகவும் உயர்த்தினார். இரண்டே அவுன்ஸ்தான். பத்துப் பன்னிரண்டு நாளில் சிடுசிடுப்பு வந்து, பின்னர் காய்ச்சல் கண்டு, 35 நாள் படுத்துவிட்டதாக அவரே எழுதுகிறார். பழைய அளவுக்குத் திரும்பிய பிறகே எழுந்தாராம். 1558-ல் இந்த அனுபவத்தை அவர் புத்தகமாக வெளியிட்டார். அது ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் வந்து, நூற்றாண்டுக் கணக்கில் படிக்கப்பட்டது. 1566-ல் காலமானார். தம் வயதை அவர் சற்றுக் கூட்டியே சொன்னார் என்பது ஆராய்ச்சியாளர் அபிப்பிராயம். கூட்டியதைக் கழித்துவிட்டாலும் நல்ல நீண்ட ஆயுள்தான்.

கோர்னாரோவின் வயிறு சுருங்கிவிட்டதா? அவர் காலத்தில் பார்க்க வழியில்லை. இப்போது உண்டு. இரைப்பை வெறுமையாக இருக்கும்போது சுருண்டு கிடக்கிறது; அதன் உள்ளே ஒரு கைப்பிடி அளவுக்குக்கூட இடம் இல்லை. சாப்பிடச் சாப்பிட மடிப்புகள் விரிந்து ஒரு லிட்டருக்கு மேலும் இடம் கொடுக்கிறது. பிறகு மறுபடி சுருள்கிறது. ஆகவே பையின் சொந்த அளவு நேற்று உண்டதனால் இன்று மாறிவிடுவதில்லை. 'இவ்வளவு போதும், இதற்கு மேல் விரிய மாட்டேன்' என்று அது சொல்லுகிற எல்லைதான் மாறுகிறது.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். உடல் பருத்தவர்களை ஒரு ரப்பர் பலூனை விழுங்கச் செய்து, அதில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஏற்றினார்கள். எந்த அளவில் "தாங்கவில்லை" என்கிறார்கள் என்று குறித்துக்கொண்டார்கள். பிறகு நான்கு வாரம் மிகக் குறைந்த உணவு கொடுத்து மறுபடி அளந்தார்கள். கொள்ளும் அளவு கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தது. இது நியூயார்க் ஆராய்ச்சியாளர்கள் 1996-ல் வெளியிட்ட முடிவு. "பழகினால் கொஞ்சத்திலேயே நிறைந்துவிடும்" என்று நம் பெரியவர்கள் சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். கணக்கின் சரியான பாதி இதுதான்.

ஆனால் வயிறு நிறைவது வேறு, பசி அடங்குவது வேறு. இங்கேதான் நாம் இடறுகிறோம்.

பசி இரைப்பையில்தான் பிறக்கிறது என்று வெகுகாலம் நம்பினார்கள். 1912-ல் வால்டர் கானன் என்ற அமெரிக்க அறிஞரும் அவருடைய மாணவர் வாஷ்பர்னும் இதைச் சோதித்தார்கள். வாஷ்பர்ன் ஒரு பலூனை விழுங்கிவிட்டு உட்கார்ந்தார். பசி 'சுருக்'கென்று இழுக்கும் போதெல்லாம் இரைப்பை இறுகுவதைக் கருவி கோடு போட்டுக் காட்டியது. சரி, இரைப்பை இறுகினால் பசி என்று தீர்த்துவிட்டார்கள். ஆனால் அதற்கு முன்பே, 1897-ல், ஜூரிக் நகரில் ஷ்லாட்டர் என்ற ரண வைத்தியர் ஒரு பெண்மணியின் இரைப்பையை முழுவதும் எடுத்துவிட்டார். அவள் அதன் பிறகும் ஓராண்டுக்கு மேல் உண்டு வாழ்ந்தாள். அப்படி இரைப்பை எடுக்கப்பட்ட நோயாளிக்கும் பசி எடுக்கிறது என்று 1931-ல் அமெரிக்க வைத்தியர்கள் எழுதினார்கள். பையே இல்லை, ஆனால் பசி இருக்கிறது!

பசியின் முதலாளி மூளையில் உட்கார்ந்திருக்கிறான். உடம்பெங்கும் இருந்து அவனுக்குச் செய்தி போகிறது. கொழுப்பு இருப்பு எவ்வளவு என்ற செய்தியைக் கொண்டுபோகும் லெப்டின் என்ற பொருளை 1994-ல் கண்டார்கள். 'சோறு வேண்டும்' என்று கேட்கும் கிரெலின் என்ற பொருளை 1999-ல் ஜப்பானில் கண்டார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், கிரெலினைப் பெரும்பாலும் சுரப்பது இரைப்பையேதான். பட்டினி கிடந்து இளைத்தவன் உடலில் இந்தக் கிரெலின் குறைவதில்லை, கூடுகிறது. 2011-ல் வெளிவந்த மெல்போர்ன் நகர ஆராய்ச்சி இன்னும் ஒன்று சொல்லிற்று: உணவைக் குறைத்து இளைத்தவர்களுக்கு ஓராண்டு கழிந்த பிறகும் இந்தச் செய்திகள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. கொஞ்சத்தில் நிறைந்துவிடப் பழகிய அதே வயிறு, 'போதவில்லை, போதவில்லை' என்று மேலிடத்துக்கு மனுப் போட்டுக்கொண்டே இருக்கிறது.

இந்த மனுவைப் படிக்க மறுத்த கதைதான் 1877-ல் நடந்தது.

1876-ல் மழை பொய்த்துத் தாது வருஷப் பஞ்சம் தொடங்கியது. சேலம், கோயம்புத்தூர், வட ஆர்க்காடு என்று ஜில்லா ஜில்லாவாக ஜனங்கள் ஊரைவிட்டுப் புறப்பட்டார்கள். சர்க்கார் நிவாரண வேலைகளைத் திறந்தது: குளம் வெட்டுதல், சாலை போடுதல், கல் உடைத்தல். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்சத்தில் வெட்டியதுதான்.

அப்போது வைஸ்ராய் லிட்டன் பிரபு, பஞ்சச் செலவைக் கட்டுப்படுத்தச் சர் ரிச்சர்டு டெம்பிள் என்பவரை அனுப்பினார். இந்த டெம்பிள் கல்நெஞ்சர் என்று பிறவியிலேயே பெயர் எடுத்தவர் அல்லர். 1873-74-ல் பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து கப்பல் கப்பலாக அரிசி வரவழைத்து ஜனங்களைக் காப்பாற்றியவர் அவரே. அதற்காகப் பாராட்டுக் கிடைக்கவில்லை. ஊதாரி என்ற வசைதான் கிடைத்தது. சென்னைக்கு வரும்போது அந்த வசையைத் துடைத்துக்கொள்ளும் அவசரம் அவருக்கு இருந்தது.

நாள் முழுவதும் வேலை செய்யும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும், அதன்மேல் சில்லறையாக ஓர் அணாவும் போதும் என்று டெம்பிள் விதித்தார். பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அதைவிடக் குறைவு. ஒரு பவுண்டு என்பது 450 கிராம். இவ்வளவில் உயிர் நிற்குமா என்பதைச் சோதித்துப் பார்க்கலாம் என்பது அவர் வாதம். ஒரு மனிதன் தன் உடம்பில் செய்துகொள்ள வேண்டிய சோதனையை லட்சக்கணக்கான பேர் உடம்பில் செய்யத் துணிந்தார்.

சென்னை ராஜதானியின் சுகாதாரக் கமிஷனராக இருந்த டாக்டர் கார்னிஷ் இதை எதிர்த்தார். மண் வெட்டுகிறவனுக்குக் குறைந்தது ஒன்றரைப் பவுண்டு தானியம் வேண்டும், அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று எழுதினார். இருவருக்கும் காகித யுத்தம் நடந்தது. 1877-லேயே சென்னை அரசாங்கம் பாதி வழி இறங்கி வந்து, தானியத்தை ஒன்றேகால் பவுண்டாக உயர்த்திக் கொஞ்சம் பருப்பும் சேர்த்தது. அதற்குள் முகாம்களில் சாவு மலிந்துவிட்டது. பஞ்சம் பரவிய இடங்களிலெல்லாம் சேர்த்து 50 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். காலராவும் பேதியும் கொண்டுபோனவர்கள் அதில் ஏராளம். ஆனால் நோய்க்கு வழி திறந்துவிட்டது பசி.

அலெக்சாண்டர் போர்ட்டர் என்ற டாக்டர் அந்தப் பஞ்சத்தில் இறந்த நூற்றுக்கணக்கானவர்களின் உடல்களை அறுத்துப் பார்த்து, 1889-ல் சென்னையில் ஒரு நூல் வெளியிட்டார். குடல் தேய்ந்து மெலிந்திருந்ததை அவர் கண்டார். சோறு கிடைத்தபோது அதைச் செரிக்கும் சக்திகூட அந்தக் குடலுக்கு இல்லை. மனிதனின் உள்ளுறுப்பு உண்மையாகவே சுருங்குவது இப்படித்தான். அதற்குப் பழக்கம் என்று பெயர் இல்லை. அழிவு என்று பெயர்.

கார்னிஷின் கட்சி சரியென்று நிரூபணமாக ஏறக்குறைய 70 ஆண்டு பிடித்தது. அதுவும் வேறொரு கண்டத்தில், வேறொரு நோக்கத்தில்.

இரண்டாவது உலக யுத்தம் முடியும் தறுவாயில் ஐரோப்பாவில் பட்டினி கிடப்பவர்களை எப்படித் தேற்றுவது என்ற கேள்வி எழுந்தது. அதற்கு விடை தேட, அமெரிக்காவில் மின்னசோட்டா சர்வகலாசாலையில் ஆன்சல் கீஸ் என்ற அறிஞர் 1944 நவம்பரில் ஒரு சோதனை தொடங்கினார். ஆயுதம் எடுக்க மாட்டோம் என்று மனச்சாட்சியின் பேரில் மறுத்த வாலிபர்கள் 36 பேர் தாமாகவே முன்வந்தார்கள். 24 வாரத்துக்கு அவர்களுடைய உணவைப் பாதியாகக் குறைத்தார்கள். நாளொன்றுக்குச் சுமார் 1,570 கலோரி.

இந்த எண்ணைப் பார்த்ததும் நான் பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டேன். 100 கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி. டெம்பிளின் 450 கிராமுக்கு ஏறக்குறைய 1,575. இரண்டும் ஒன்றே! மின்னசோட்டா வாலிபர்கள் நம் கூலியாளைவிட உயரமும் பருமனும் உள்ளவர்கள். அவர்களுக்குத் தேவை அதிகம் என்பது வாஸ்தவம். ஆனால் அவர்களுக்குப் படுக்கை இருந்தது, சுத்தமான தண்ணீர் இருந்தது, வைத்தியர் பக்கத்திலேயே இருந்தார். வாரத்துக்கு 22 மைல் நடப்பதுதான் அவர்களுக்கு விதித்த பெரிய உழைப்பு. வெயிலில் மண் சுமக்கவில்லை.

ஆறு மாதத்தில் அவர்கள் எடையில் கால் பங்கு போயிற்று. நாடி தளர்ந்தது. கோடையிலும் குளிர்ந்தது. உடம்பு தன் அடிப்படைச் செலவைச் சுமார் 40 சதவீதம் சுருக்கிக்கொண்டது. 'பழகிவிட்டது' என்று வெளியே தோன்றுவது இதுதான். உள்ளே ஒவ்வொரு கடையாக மூடிக்கொண்டு வருகிறது. பசியோ பழகவேயில்லை. தட்டை நக்கினார்கள். சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள். சோறும் ரொட்டியும் தவிர வேறு பேச்சில்லை. சோதனை முடிந்து தாராளமாக உணவு கிடைத்தபோதும், வயிறு முட்டத் தின்றுவிட்டு, 'இன்னும் பசிக்கிறது' என்றார்கள். வயிறு நிறைந்துவிட்டது, பசி அடங்கவில்லை! கீஸ் 1950-ல் இதையெல்லாம் இரண்டு பெரிய தொகுதிகளாக எழுதினார்.

அப்படியானால் கோர்னாரோ எப்படிச் சுகமாக இருந்தார்? அவர் குறைத்தது மிகுதியை, தேவையை அல்ல. உட்கார்ந்து எழுதி, தோட்டத்தில் உலாவி வந்த முதியவருக்கு அந்த 12 அவுன்ஸும் மதுவும் போதுமாக இருந்தன. அவர் அளவை அவரே வைத்துக்கொண்டார். வேண்டுமானால் மாற்றிக்கொள்ளவும் அவரால் முடிந்தது, மாற்றியும் பார்த்தார். வள்ளுவர் 'மருந்து' என்ற அதிகாரத்தில் பாதிக்கு மேல் சாப்பாட்டைப் பற்றியே பேசுகிறார். மிகுதியோடு குறைவையும் சேர்த்தே நோய்க்குக் காரணமாக வைக்கிறார் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

உடம்பைக் குறைக்க விரும்புகிறவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது உண்டு. ஒரு கரண்டியைக் குறைத்து, சில வாரம் பொறுத்து, அந்த அளவில் வயிறு நிறையப் பழகிய பிறகு அடுத்த கரண்டியைப் பற்றி யோசிக்கலாம். காயும் கீரையும் நீருணவும் பையை நிரப்பும். ஒரேயடியாகப் பாதியைக் குறைத்தால், கிரெலின் என்ற கடன்காரன் வட்டியோடு வந்து கதவைத் தட்டுவான்.

ஆனால் இது தன் இலைக்கு மட்டும் செல்லும் நியாயம். அடுத்தவன் இலையைப் பார்த்து, "அவனுக்கு அது போதும், வயிறு பழகிவிட்டது" என்று சொல்லும்போது நாம் டெம்பிளின் நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறோம். அந்த நாற்காலி கோட்டையில் மட்டும் இல்லை. பல வீடுகளில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு கடைசியில் உட்காருகிறவள், "எனக்குப் பசியே எடுக்கிறதில்லை, வயிறு சுருங்கிப் போச்சு" என்கிறாள். நாமும் அதைச் சரீர சாஸ்திரம் என்று எடுத்துக்கொண்டு கையைத் துடைத்தபடி எழுந்து போகிறோம். அவள் சொல்லை நம்புவதற்கு முன் சோற்றுப் பானையை ஒரு தடவை எட்டிப் பார்ப்பது நல்லது.