சிப்பி வளர்ப்பவரும் மருத்துவரும்: மூன்று ஜப்பானிய நூல்கள்

நெய்தல் திணையைப் பாடம் சொல்லும்போது கருப்பொருள்களை வரிசையாகச் சொல்லி முடித்துவிட்டு, இரங்கல் என்னும் உரிப்பொருளுக்கு விரைந்துவிடுவது ஆசிரியர்களாகிய நமது வழக்கம். கடலோரத்தார் எதை உண்டனர், உண்டது அவர்தம் உடலில் என்ன செய்தது, மேலிருந்து இறங்கிவரும் ஆறு அவர்களது கழியில் எதைக் கொண்டுவந்து சேர்த்தது என்னும் வினாக்களை இலக்கியத்திற்கு வெளியே நிறுத்திவிடுகிறோம். இவ்வினாக்களை எழுப்பும் நூல்கள் மருத்துவம் என்றும் மீன்வளம் என்றும் பெயர்பெற்று, நூலகத்தின் வேறு அடுக்குகளுக்குப் போய்விடுகின்றன. அவ்வாறு பிரிந்து கிடக்கும் மூன்று ஜப்பானிய நூல்களை அருகருகே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஒன்றை எழுதியவர் ஓர் இல்லத்தரசி. மற்றொன்றை எழுதியவர் மருத்துவர். மூன்றாமவர் சிப்பி வளர்ப்பவர். மொழிபெயர்ப்புகள் வழியாகவும் அவற்றைப் பற்றிய எழுத்துகள் வழியாகவுமே நாம் இவற்றை அறிந்தோம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

தெற்கு ஜப்பானில், ஷிரனுயி கடலின் கரையில் உள்ளது மினமாட்டா. அங்கிருந்த சிஸ்ஸோ நிறுவனத்தின் ஆலை 1932 முதல் அசிட்டால்டிஹைடு என்னும் வேதிப்பொருளைத் தயாரித்துவந்தது. அதற்குப் பாதரசம் தேவைப்பட்டது. கழிவுநீரோடு வெளியேறிய மெத்தில் பாதரசம் கடலில் கலந்து, மீனிலும் சிப்பியிலும் மட்டியிலும் சேர்ந்து, அவற்றை நாள்தோறும் உண்ட மக்களின் நரம்புகளைத் தாக்கியது. கை நடுங்கியது, நாக் குழறியது, பார்வை குறுகியது. மனிதருக்கு முன்பே, மீன் தின்ற பூனைகள் சுழன்று சுழன்று விழுந்து மடிந்தன. 1956 மே 1 அன்று, ஆலை மருத்துவமனையின் தலைவரான ஹொசொகாவா ஹாஜிமே, காரணம் தெரியாத நோயொன்று பரவுவதாகச் சுகாதார நிலையத்திற்கு அறிவித்தார்.

அறிவிப்பு வந்த பின்னும் அரசு அசையவில்லை. வளைகுடாவில் கிடைக்கும் மீனையும் சிப்பியையும் விற்காமல் தடுக்கச் சட்டத்தைப் பயன்படுத்தலாமா என்று 1957இல் மாவட்ட நிர்வாகம் கேட்டபோது, அங்குள்ள மீனும் சிப்பியும் அனைத்துமே நச்சடைந்தவை என்பதற்குத் தெளிவான சான்றில்லை என்று சுகாதார அமைச்சகம் மறுத்துவிட்டது. 1959இல் ஹொசொகாவா ஆலைக் கழிவையே உணவில் கலந்து ஒரு பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். அந்த 400ஆம் எண் பூனைக்கு அதே நோய் கண்டது. நிறுவனம் அம்முடிவை வெளியிடவில்லை. நோய்க்குக் காரணம் ஆலைதான் என்று அரசு ஒப்புக்கொண்டது 1968 செப்டம்பரில். அதற்குச் சில மாதங்கள் முன்னரே அந்த உற்பத்தி நின்றுவிட்டிருந்தது.

இக்காலத்தின் கதையை எழுதியவர் இஷிமுரே மிச்சிகோ (1927–2018). வறிய குடும்பத்தில் பிறந்து மினமாட்டாவில் வளர்ந்தவர். பல்கலைக்கழகப் படிப்பு இல்லாதவர். மருத்துவமனையில் நோயாளிகளைக் கண்டு வந்தபின் அவர் எழுதத் தொடங்கியது 1969இல் 'குகாய் ஜோதோ' என்னும் நூலாக வெளிவந்தது. துன்பக்கடல், தூயநிலம் என்னும் இரு பௌத்தச் சொற்களை இணைத்த தலைப்பு அது. மருத்துவ அறிக்கைகளும் அரசுக் குறிப்புகளும் ஒருபுறம். மீனவர்கள் தம் வட்டார வழக்கில் பேசும் நீண்ட உரைகள் மறுபுறம். அறிக்கையில் வெறும் நோய்க்குறியாக வரும் ஒருத்தி, அடுத்த பக்கங்களில் கணவனோடு படகில் சென்றவளாக, கடலை ஆசையோடு நினைப்பவளாக எழுந்து வருகிறாள்.

அவ்வுரைகள் ஒலிப்பதிவு செய்து எடுத்தவை அல்ல. நோயாளிகள் மனத்துள் சொல்லிக்கொண்டதாகத் தாம் உணர்ந்ததையே இஷிமுரே எழுதினார் என்பது பின்னர் தெரியவந்தது. அப்படியானால் இது உண்மை நூலா, புனைவா? நியாயமான கேள்விதான். ஆயினும் நாக்குழறிப் பேச இயலாதவர்களின் சொல்லை வேறெவ்வாறு பதிவு செய்திருக்க முடியும் என்ற எதிர்க்கேள்வியும் நமக்கு எழுகிறது. புனைவல்லாத நூலுக்கென ஏற்படுத்தப்பட்ட ஓயா சோயிச்சி பரிசு 1970இல் முதன்முறையாக வழங்கப்பட்டபோது இந்நூல் தேர்வாயிற்று. இஷிமுரே அதனை ஏற்க மறுத்துவிட்டார். 1990இல் லிவியா மொன்னே இதனை ஆங்கிலத்தில் தந்தார்.

இரண்டாம் நூல் மருத்துவர் ஹராதா மசாசூமி 1972இல் வெளியிட்ட 'மினமாட்டா நோய்'. குமமோட்டோ பல்கலைக்கழகத்தின் இளம் மருத்துவராக அவர் மீனவர் குடியிருப்புகளுக்குச் சென்றபோது, ஒரு வீட்டில் ஒரேவிதமான குறிகளோடு இரு சிறுவரைக் கண்டார். மூத்தவனுக்கு மினமாட்டா நோய். இளையவனுக்குப் பிறவி மூளைவாதம் என்று மருத்துவர்கள் எழுதியிருந்தனர். இளையவன் மீனே உண்ணாதவன் என்பது அவர்கள் சொன்ன காரணம். தாய் அதை ஏற்கவில்லை. கருவுற்றிருந்தபோது தான் உண்ட மீனின் நஞ்சு பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதே அவள் முடிவு.

அக்கால மருத்துவம், நச்சுகள் கருவை எட்டாதபடி நஞ்சுக்கொடி தடுத்துவிடும் என நம்பியது. நம் மொழியில் அவ்வுறுப்பின் பெயரிலேயே நஞ்சு இருப்பது தற்செயலே எனினும், இவ்விடத்தில் அது நம்மை உறுத்தாமல் இல்லை. ஹராதா பாடநூலை ஒதுக்கிவைத்துத் தாயின் சொல்லைப் பின்தொடர்ந்தார். ஒரே ஊர்களில், ஒரே ஆண்டுகளில் பிறந்த குழந்தைகளை ஆராய்ந்தார். 1962இல், தாயின் கருவிலேயே வரும் மினமாட்டா நோய் என்று அது ஏற்கப்பட்டது. பிள்ளையின் தொப்புள்கொடியை உலர்த்திச் சிறு பெட்டியில் பாதுகாப்பது ஜப்பானியர் வழக்கம். பின்னாளில் அப்பெட்டிகளைத் திறந்து அளந்தபோது, ஆலையின் உற்பத்தி ஏறிய ஆண்டுகளில் பிறந்தோரின் கொடியில் மெத்தில் பாதரசமும் ஏறியிருந்தது. ஆலைக் கணக்கு ஒவ்வொரு வீட்டிலும் இருந்திருக்கிறது. அதை வாங்கிப் படிக்கத்தான் ஆளில்லை.

மூன்றாம் நூலுக்கு ஜப்பானின் வடகிழக்கே, கெசென்னுமா வளைகுடாவிற்குச் செல்ல வேண்டும். அங்கு உண்ணும் சிப்பியாகிய ஆளியைத் தெப்பங்களிலிருந்து கயிறு தொங்கவிட்டு வளர்ப்பது தொழில். ஓர் ஆளி ஒரு நாளில் 200 லிட்டர் வரை கடல்நீரை உள்வாங்கி வடிகட்டி வெளிவிடும். நீரில் இருப்பது எதுவானாலும் அதன் தசையில் தெரிந்துவிடும். நுண்பாசி பெருகிக் கடல் செந்நிறமான ஆண்டுகளில் கெசென்னுமா ஆளிகளின் தசை குருதிபோலச் சிவந்து, சந்தையில் எவரும் வாங்காமல் கழிக்கப்பட்டன. பலர் தொழிலை விட்டனர். ஹதகேயாமா ஷிகேஅட்சு விடவில்லை. 1984இல் பிரான்சின் லுவார் ஆற்று முகத்துவாரத்தைப் பார்த்த அவர், அங்குள்ள ஆளிகளின் செழுமைக்கு ஆற்றின் மேற்பகுதியில் இருந்த அகன்ற இலைக்காடுகளே காரணம் என்று கருதினார்.

1989இல் அவரும் உடனிருந்த மீனவர்களும் தம் வளைகுடாவில் கலக்கும் ஆற்றின் தலைப்பகுதியிலுள்ள முரோனே மலையில் மரம் நடத் தொடங்கினர். வட்டாரக் கவிஞர் குமகாய் ரியூகோவின் தன்கா ஒன்றிலிருந்து பிறந்தது 'காடு கடலின் காதலி' என்னும் அவர்களது முழக்கம். 1994இல் வந்த ஹதகேயாமாவின் நூலுக்கும் அதுவே தலைப்பு. இலைமக்கிலிருந்து உருவாகும் ஃபுல்விக் அமிலம் இரும்பைப் பிணைத்துக் கடலுக்குக் கொண்டுசேர்க்கிறது, அதனால் ஆளிக்கு இரையாகும் நுண்பாசி வளர்கிறது என்று ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தின் மட்சுனாகா கட்சுஹிகோ விளக்கியது அவர்களுக்குத் துணையாயிற்று.

2011 மார்ச் 11 ஆழிப்பேரலையில் ஹதகேயாமா தம் தாயையும் தெப்பங்களையும் படகுகளையும் இழந்தார். கடல் செத்துவிட்டதோ என்ற அச்சம் அவரையும் பற்றியது. ஆராய்ந்தவர்கள் நீரில் நுண்பாசி நிறைந்திருப்பதைச் சொன்னதும் மீண்டும் கயிறு கட்டினார். 1970களில் நோயால் அழிந்த பிரெஞ்சு ஆளி வளர்ப்பை மீட்க உதவியவை மியாகி கடலோரத்து ஆளிக்குஞ்சுகள். அந்நன்றி மறவாத பிரெஞ்சு வளர்ப்போர் இப்போது கயிறும் மிதவையும் அனுப்பினர். ஹதகேயாமா 2025இல் மறையும்வரை கடலோரத்திலேயே இருந்தார்.

இம்மூன்றையும் வெற்றிக் கதைகளாகப் படிப்பது பிழை. மினமாட்டா வளைகுடாவின் மீன் பாதுகாப்பானது என்று அறிவிக்க 1997 ஆயிற்று. அரசுக்கும் பொறுப்புண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2004இல். அதற்குள் பலர் இறந்துவிட்டனர். ஆனால் மூன்று நூல்களுக்கும் பொதுவான ஒன்று உண்டு. தாய்க்கும் மீனவனுக்கும் முன்பே தெரிந்திருந்ததைக் கற்றோர் சான்றில்லை என்று ஒதுக்கினர்; இம்மூவரும் அதையே தொடக்கச் சான்றாகக் கொண்டனர். ஆராய்ச்சி பின்னர் வந்து அதனை உறுதிசெய்தது.

முதல், கரு, உரி என்று பிரித்துப் படிக்கக் கற்ற நமக்கு, நிலமும் உணவும் துயரமும் ஒன்றையொன்று பற்றி நிற்பவை என்பது புதிய செய்தி அன்று. ஆனால் அதைச் செய்யுளுக்குள் மட்டுமே பார்க்கப் பழகிவிட்டோம். அடுத்த பருவத்தில் நெய்தல் பாடத்தைத் தொடங்கும்போது, கடலோர ஊர்களிலிருந்து வரும் மாணவர்களிடம் முதலில் ஒன்று கேட்கலாம் என்றிருக்கிறோம்: உங்கள் ஊர்க் கழியில் இப்போது என்ன கிடைக்கிறது, முன்பு கிடைத்து இப்போது கிடைக்காதது எது? விடையை அவர்கள் தம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதிவரட்டும். பாடம் அதன்பின் தொடங்கும்.