மன்னார்ப் பாதையில் வந்த வாந்திபேதி

1830களில் தொடங்கி அரை நூற்றாண்டுக்கு மேல், மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்குப் போன தமிழ்ச் சனங்களில் பெருந்தொகையானோர் மன்னார்க் கரையில்தான் இறங்கினார்கள். இராமநாதபுரத்துக் கரையில் தோணியேறி வந்தவர்கள், கங்காணியின் பின்னால் மாத்தளை வரை நடந்தார்கள். வன்னிக் காட்டினூடாக நூறு மைலுக்கு மேல் நடை. குளம் வற்றிய காலத்தில் கலங்கல் தண்ணீர்தான் குடிக்கக் கிடைத்தது. அதோடு வாந்திபேதியும் வந்தது. வழியில் விழுந்தவர்கள் பெரும்பாலும் பெயர் தெரியாமலே மண்ணுக்குள் போனார்கள்.

முத்துக்குளிப்புக்கும் அதே பயம் இருந்தது. அரிப்பு, மறிச்சுக்கட்டி மணற்கரையில் முத்துக்குளிக்கும் சலாபக் காலத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடுவார்கள். சிப்பி அழுகும் நாற்றத்துக்கு நடுவே நல்ல தண்ணீருக்குப் பஞ்சம்.

அக்காலத்து வைத்தியர்கள் அபின் கொடுத்தார்கள், பாதரச மருந்து கொடுத்தார்கள், சிலர் இரத்தம் வடித்தார்கள். 1832இல் ஸ்கொட்லாந்தில் தோமஸ் லாட்டா நோயாளிகளின் நாளத்தில் உப்புநீரை ஏற்றிச் சிலரைப் பிழைக்க வைத்திருந்தார். மருத்துவ உலகம் அதை நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை.

நோயாளியைக் கொல்வது தண்ணீரிழப்பு. குடல் உயிரணுவைச் சுற்றியிருப்பது மெல்லிய கொழுப்புச் சவ்வு. உப்பின் அயனிகள் அதைத் தாமாகக் கடக்க முடியாது. புரதத்தாலான வாயில்கள் வேண்டும். வாந்திபேதியின், அதாவது கொலராவின், நஞ்சு உயிரணுவுக்குள் புகுந்து குளோரைட்டு வாயிலைத் திறந்தபடியே வைத்துவிடுகிறது. குளோரைட்டு குடலுக்குள் கொட்ட, சோடியம் பின்தொடர, உப்பு போன பக்கமே தண்ணீரும் ஓடுகிறது. கடும் நோயில் மணிக்கு ஒரு லீற்றர்கூடப் போகலாம்.

இந்த நஞ்சு குடலில் வேலை செய்வதை 1959இல் கல்கத்தாவில் முயல்களின் குடலில் காட்டியவர் சம்பு நாத் டே. மறு ஆண்டே பிராகில் நடந்த கூட்டமொன்றில் ரொபர்ட் கிரேன் இன்னொரு வாயிலைப் பற்றிச் சொன்னார். குளுக்கோசும் சோடியமும் சேர்ந்து வந்தால் மட்டும் உள்ளே விடும் வாயில் அது. கொலரா நஞ்சு அதைத் தொடுவதில்லை. வயிற்றோட்டம் பெருகும் வேளையிலும் சர்க்கரையும் உப்பும் கலந்த தண்ணீர் அவ்வழியே உடம்புக்குள் ஏறும்.

1971இல் வங்காள எல்லையில் பங்கான் அகதி முகாமில் திலீப் மகாலனாபிஸ் இந்தக் கலவையைத் துணிந்து பயன்படுத்தினார். நாளத்தில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோகவே, வாய்வழிக் கலவையைப் பீப்பாய்களில் கரைத்து, உறவினர் கையாலேயே புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பது பேர் சாகும் நிலை மாறி, சாவு நான்குக்கும் கீழே இறங்கியது.

மன்னார்ப் பாதையில் நடந்தவர்களின் அன்றாட உணவு கஞ்சி. சோற்று மாச்சத்து குடலில் குளுக்கோசாக உடைகிறது. உப்பிட்ட கஞ்சியை விடாமல் புகட்டியிருந்தால் அவர்களில் பலர் மாத்தளையைப் பார்த்திருப்பார்கள் என்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

1990இல் போர் துரத்திய குடும்பங்கள் மன்னாரின் மடு மாதா கோவிலைச் சுற்றிக் குடிசை போட்டபோது, ஐ.நா. அகதிகள் ஆணையம் அங்கே திறந்த நிவாரண நிலையம் அமைத்தது. காடும் சன நெரிசலும் பழையபடி இருந்தன. ஆனால் உப்பும் குளுக்கோசும் அளந்து போட்ட பொட்டலத்தை அதற்குள் உலகம் அறிந்திருந்தது. இலங்கையில் அதை ஜீவனி என்கிறார்கள். 2002இல் உலக சுகாதார நிறுவனம் அதிலுள்ள உப்பின், குளுக்கோசின் அளவைக் குறைத்தது. இன்றைய கலவையில் லீற்றருக்கு 13.5 கிராம் குளுக்கோசும் 2.6 கிராம் உப்பும் உண்டு. செறிவு அதிகமானால் கலவையே உடம்பிலிருந்து குடலுக்குத் தண்ணீரை இழுத்துவிடும் என்பதால் இந்த அளவு.