பெயர் பொறியாத தூண்

நாம் மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்த 1980களின் பிற்பகுதியில், கீரமங்கலம் கடைத்தெருவில் ஒரு முதியவரைக் காண்பது வழக்கம். இளமையில் நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பலேறி மலாயா சென்றவர். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். போர்க்காலத்தில் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தவர். நம் தொப்பியைக் கண்டால் போதும், அழைத்து நிறுத்தி, "இத்தபாக், எத்தமாத், குர்பானி" என்று விறைப்பாய் நின்று முழங்குவார். "இந்தி தெரியுமா தம்பி?" என்று வினவுவார். அவை அரபு வேரிலிருந்து கிளைத்த சொற்கள் என்று நாம் விளக்கியபோது, அவர் நெடுநேரம் பேசாதிருந்தார்.

'இத்திஃபாக்' எனின் இணக்கம், ஒற்றுமை. 'குர்பான்' நெருக்கத்தைக் குறிக்கும் வேரில் பிறந்தது. தியாகத்தால் பெறும் நெருக்கம் அது. நடுவிலுள்ள 'இஃதிமாத்' நமக்கு இன்னும் சுவையானது. தூணுக்கு அரபியில் வழங்கும் 'அமூத்' என்ற சொல்லும் அதே வேரினதே. சாய்ந்துகொண்டால் சரியாது தாங்குவதன்றோ நம்பிக்கை!

அம்மூன்று சொற்களும் ஒரு காலத்தில் சிங்கப்பூர்க் கடற்கரையில் கல்லில் பொறிக்கப்பட்டிருந்தன. இந்திய தேசிய இராணுவத்தில் மாண்ட பெயரறியா வீரர்களுக்காக 1945 ஜூலை 8ஆம் நாள் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் எஸ்பிளனேடில் அடிக்கல் நாட்டினார். கர்னல் ஸ்ட்ரேஸியின் பொறுப்பில் சின்னம் விரைந்து எழுந்தது. ஆகஸ்டில் ஜப்பான் பணிந்தது. செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பி வந்ததும், மவுண்ட்பேட்டனின் ஆணையால் அது வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அடிக்கல் நாட்டிய நாள்தொட்டு எண்ணினும் அதன் ஆயுள் ஏறத்தாழ இரண்டு திங்களே.

அதன் அருகிலேயே முதல் உலகப் போரில் மாண்டவர்களுக்கான சின்னம் ஒன்று நின்றது, இன்றும் நிற்கிறது. 1922இல் வேல்ஸ் இளவரசர் திறந்துவைத்த அதில் 124 பெயர்கள் உள்ளன. ஜப்பானியர் ஆண்ட மூன்றரை ஆண்டுகளிலும் அது இடிக்கப்படவில்லை. பகைவன் விட்டுவைத்த கல் ஒன்று. வென்றவன் தகர்த்த கல் ஒன்று. மாண்டவர்மீது வென்றவனுக்கு அத்தனை அச்சம் இருந்தது என்றே நாம் கொள்கிறோம்.

அப்படையும் அதன் அரசும் எத்தகையோரால் ஆனவை என்பதை நம் இளைஞர்கள் அறிதல் நலம். 1943 அக்டோபர் 21இல் அமைந்த ஆசாத் ஹிந்த் அரசின் ஆலோசகர்களுள் தமிழ் முஸ்லிமான பத்திரிகையாளர் கரீம் கனி ஒருவர். 1944 ஏப்ரல் 14இல் மணிப்பூரின் மொய்ராங்கில் கொடியேற்றியவர் கர்னல் ஷவுகத் மாலிக். இவர்கள் பெயர் நூல்களில் உண்டு. தோட்டத்திலிருந்து துப்பாக்கி ஏந்திச் சென்ற எளிய தமிழர்களோ பல்லாயிரவர்.

1972இல் நடுவணரசு விடுதலைப் போராளிகளுக்கு ஓய்வூதியம் அறிவித்தது. இந்திய தேசிய இராணுவத்தினரும் அதில் அடங்குவர். சிறையிருந்ததற்குச் சான்று வேண்டும். இல்லையேல் உடன் சிறையிருந்தோர் சான்றளிக்க வேண்டும். நம் முதியவர் மனுவைத் தூக்கிக்கொண்டு ஓர் அலுவலகத்திற்குப் பன்முறை நடந்தார். உடன் சிறையிருந்தோரின் கையொப்பம் எங்கே என்று கேட்டனராம். "அவங்கள்லாம் ஊரு வந்து சேந்தாங்களான்னே எனக்குத் தெரியாதே" என்று நம்மிடம் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு நமக்குப் பிடிக்கவில்லை.

1995இல் சிங்கப்பூர் அரசின் மரபுடைமைக் கழகம், தகர்ந்த சின்னம் இருந்த இடத்தில் ஒரு நினைவுப் பலகை நிறுவியது. பெயர்கள் அதிலும் இல்லை. அம்முதியவர் அதற்கு முன்பே மறைந்துவிட்டார்.

தம்முடன் புறப்பட்டுப் பர்மாவில் தங்கிவிட்டவர்களின் பெயர்களை ஒரு மாலை அவர் சொல்லச் சொல்ல, நம் நஹ்வுக் கிதாபின் கடைசி ஏட்டில் எழுதிக்கொண்டோம். பதினொரு பெயர்கள், எல்லாச் சமயத்தாரும் அதில் உண்டு. இருவரின் ஊர் அவருக்கு நினைவில்லை. அவ்விடங்களை நிரப்பாமல் விட்டோம். இன்றும் அவை வெற்றிடமாகவே உள்ளன.