பங்குங் பண்டாராயா

பங்குங் பண்டாராயா, கோலாலம்பூர் ஜாலான் ராஜாவில், சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்துக்கு வடக்கே அமைந்துள்ள மாநகர் மன்ற நாடக அரங்கம். பழைய நகர மண்டபம் என்பது இதன் முந்தைய பெயர். 1896இல் தொடங்கிய கட்டுமானம் 1904இல் முடிந்தது. விக்டோரியா மகாராணி 1901இலேயே மறைந்துவிட்டார்; ஆயினும் அவர் ஆட்சியில் கால்கொண்டதால் இது விக்டோரியா காலக் கட்டடமே.

1880இல் சிலாங்கூரின் நிர்வாகத் தலைமையிடம் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது. அப்போது கோலாலம்பூர் பலகைச் சுவரும் அத்தாப்புக் கூரையுமாக இருந்த ஈயச் சுரங்க ஊர். மறு ஆண்டே தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து அதை அழித்தன. 1882இல் சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், இனிச் செங்கல்லும் ஓடும் கொண்டே கட்ட வேண்டும் என்றார். அதற்காகச் செங்கல் சூளைகள் பெருகிய பகுதியே இன்று தமிழர் மிகுந்து வாழும் பிரிக்பீல்ட்ஸ். ஊரின் துப்புரவைக் கவனிக்க 1890இல் சானிட்டரி போர்டு அமைந்தது. அந்த வாரியத்தின் அலுவலகமாகவும் பொது மண்டபமாகவும் எழுந்ததே இக்கட்டடம்.

இதன் பாணிக்கு வழிவகுத்தவர், இலங்கையில் பணியாற்றிவிட்டு வந்த அரசுப் பொறியாளர் ஸ்பூனர். பக்கத்து அரசு அலுவலகமான இன்றைய சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்துக்குக் கட்டடக் கலைஞர் ஏ. சி. நார்மன் வரைந்த ஐரோப்பிய வடிவத்தை ஒதுக்கி, முஸ்லிம் மண்ணுக்கு மொகலாயச் சாயலே பொருந்தும் என்று அவர் முடிவு செய்தார். சென்னை செனட் மண்டபத்தில் கட்டடக் கலைஞர் சிஷோம் கையாண்ட கலப்புப் பாணியின் உறவு இது. அதே பாணியில் நகர மண்டபத்தை வடிவமைத்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பாக். முகப்பின் வளைவுகள் இருபுறமும் வளைந்தேறி, உச்சியில் கூர்முனையாகக் கூடுகின்றன. மஸ்ஜிட் ஜாமெக்கிலும் (1909) கோலாலம்பூர் இரயில் நிலையத்திலும் (1910) முதிர்ந்து தெரியும் அவரது கைவண்ணத்தை இங்கேயும் காணலாம்.

பக்கத்துச் சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தின் மணிக்கூண்டைப் படமெடுக்க வருவோர் இம்மண்டபத்தைக் கவனியாமலே கடந்து போவது பெருங்குறை. 1992இல் மூண்ட தீ உட்புறத்தை எரித்தது. எஞ்சிய வெளிச்சுவர்களுக்குள் அரங்கம் புதிதாக அமைக்கப்பட்டது. 2014இல் இங்கு மேடையேறத் தொடங்கிய ‘மட்’ என்னும் இசை நாடகம், மாமாட், மெங், முத்தையா என்ற மூன்று நண்பர்கள் வழியாக, 1881ஆம் ஆண்டின் தீயையும் வெள்ளத்தையும் தாண்டி ஊர் உருவான கதையைச் சொன்னது. தமிழர் ஒருவரை நகரத்தின் தொடக்கத்திலேயே நிறுத்தியது அந்நாடகத்தின் சிறப்பு. அரங்கம் மாநகர் மன்றத்தின் பொறுப்பில் உள்ளது.