அழிவும் இழப்பீடும்: யாழ்ப்பாணத் தோட்டச் செய்கை பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

புயலும் வெள்ளமும் இயற்கை நிகழ்ச்சிகள். அவற்றுக்கென வழங்கப்படும் இழப்பீடோ சமூக நிகழ்ச்சியாகும். சட்டத்தின் வழியாகவும் பதிவேட்டின் வழியாகவும் வருவதால், நிலவும் நிலவுடைமை உறவுகளை அது தன்னுள் தாங்கியே வருகின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அனுபவம் இதனைத் தெளிவுறுத்தும்.

இலங்கையில் பயிர்க் காப்புறுதி 1958இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 1961இல் சட்டவடிவம் பெற்றது. பிலிப் குணவர்த்தனவின் நெற்காணிச் சட்டமும் 1958ஆம் ஆண்டிற்குரியதே. குத்தகைக் கமக்காரனுக்குப் பாதுகாப்பளிக்க முயன்ற முற்போக்கான சட்டம் அது. ஆயினும் இவ்விரண்டும் நெல்லையே அலகாகக் கொண்டன என்பதை நாம் கருத்திற் கொள்ளவேண்டும்.

வற்றாத ஆறுகளற்ற குடாநாட்டில் நெல், மழையை நம்பிய காலபோகப் பயிர். குடும்பங்களின் பண வருவாயோ பெரிதும் கிணற்றுநீர்த் தோட்டங்களிலிருந்தே வந்தது: புகையிலை, சின்ன வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு, வாழை. 1970க்கும் 1977க்கும் இடைப்பட்ட இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இத்தோட்டங்களை வளர்த்தன. 1977இன் திறந்த பொருளாதாரம் அவ்வாதரவை அகற்றியது. ஆனால் தோட்டக் காணியின் குத்தகையாளன் நெற்காணிச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே நின்றான்.

1973ஆம் ஆண்டுச் சட்டம் காப்புறுதியை வேறு பயிர்களுக்கும் விரித்தது. எனினும் 2018இல் அறிமுகமான இலவசக் காப்புறுதித் திட்டம் நெல், சோளம், சோயா, பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு, மிளகாய் என ஆறு பயிர்களையே குறித்தது. சின்ன வெங்காயமும் புகையிலையும் அதில் இடம்பெறவில்லை. 2024 நவம்பரில் பெங்கல் புயலின் மழை வயல்களை மூழ்கடித்தபோதும், ஏக்கருக்கு 40,000 ரூபா என்ற உச்சவரம்பே அறிவிக்கப்பட்டது. தோட்டக் காணியில் 16 பரப்பு ஓர் ஏக்கராகும். ஆகவே பரப்புக்கு 2,500 ரூபா. நான்கு பரப்பில் மிளகாய் நட்டவனுக்கு ஆகக்கூடியது 10,000 ரூபா. சிறுதுண்டு நிலங்களாலான ஒரு பிரதேசத்தில் ஏக்கர் என்னும் அளவுகோலே பாரபட்சமானது எனலாம்.

இதற்கும் அடியில் இருப்பது காணியின் கேள்வி. சாதியமைப்பின் காரணமாகத் தலைமுறைகளாக நிலமற்றிருந்த மக்கள் பிறர் காணியில் குத்தகைக்கும் கூலிக்கும் உழைத்தனர். வாய்ப்பேச்சில் குத்தகை எடுத்தவனிடம் கமநல சேவை நிலையத்திற் காட்ட உறுதியில்லை, ஒப்பந்தமுமில்லை. கூலியாளின் நிலை இன்னும் கடியது. பயிர் அழிய, களை பிடுங்கலும் அறுவடையும் இல்லாமற் போகின்றன. இழந்த நாட்கூலியைப் பயிர் இழப்பீடு கணக்கெடுப்பதேயில்லை.

ஆகவே நிவாரணம் போதுமா என்னும் வினா மட்டும் போதாது. யாருடைய இழப்பு இழப்பாக எண்ணப்படுகின்றது என்பதே முதன்மையான வினா. உழைப்பைப் பதியாது உடைமையைப் பதியும் ஏடு இருக்கும்வரை, ஒவ்வொரு வெள்ளமும் பழைய ஏற்றத்தாழ்வையே மீண்டும் எழுதிச் செல்லும். பயிர்ப் பட்டியலைத் திருத்துவதோடு குத்தகையாளனையும் கூலியாளையும் பதிவேட்டிற் சேர்ப்பதே சீர்திருத்தத்தின் தொடக்கமாகும்.