உணவுக்குழாய்ப் புற்றுநோயும் காரப்பேட்டை மருத்துவமனையும்: ஒரு வரலாற்று நோக்கு

காஞ்சிபுரத்தில் 1909இல் பிறந்த அறிஞர் அண்ணா, உணவுக்குழாய்ப் புற்றுநோயால் 03.02.1969 அன்று மறைந்தார். அரசியல் வரலாற்றில் விரிவாகப் பேசப்படும் இம்மறைவு, தமிழக மருத்துவ வரலாற்றிலும் ஒரு திருப்பமாகும் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

நியூயார்க்கில் 1913இல் ஃபிரான்ஸ் டோரக் மார்பைத் திறந்து, உணவுக்குழாயின் புற்றுற்ற பகுதியை முதன்முதலில் வெற்றியுடன் அகற்றினார். 1946இல் ஐவர் லூயிஸ், இரைப்பையை மேலிழுத்து எஞ்சிய உணவுக்குழாயுடன் இணைக்கும் முறையை வெளியிட்டார். 1968 செப்டம்பரில் அண்ணாவுக்கும் நியூயார்க்கிலேயே அறுவை மருத்துவம் நடைபெற்றது. எனினும் ஐந்து மாதங்களுக்குள் அவர் மறைந்தார். விழுங்குவதில் இடர் தோன்றும் முன்பே கட்டி பெரும்பாலும் முற்றிவிடுவது இந்நோயின் இயல்பு.

அடையாறில் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தோன்றிய புற்றுநோய் நிலையம் தொண்டு நிறுவனமாகும். அண்ணாவின் நினைவாகக் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அமைந்ததோ அரசு மருத்துவமனை. தலைநகருக்கு வெளியே, நெசவாளரும் உழவரும் வாழும் பகுதியிலேயே புற்றுநோய் மருத்துவத்தை அளிக்கும் கடமையை அரசு ஏற்றதை இது காட்டுகிறது.

2017இல் வெளியான மூலக்கூற்று ஆய்வு, உணவுக்குழாயின் சுரப்பிப் புற்று இரைப்பைப் புற்றின் ஒரு வகையை ஒத்தது என்றும், செதிளணுப் புற்று அதனின் வேறுபட்டது என்றும் நிறுவியது. மேலைநாடுகள் பலவற்றில் முன்னது மிகுதி. இந்தியாவில் பின்னது மிகுதி. ஆதலின், மேலை ஆய்வுமுடிவுகளை அப்படியே ஏற்பது பொருந்தாது. காரப்பேட்டை போன்ற மருத்துவமனைகள் சிகிச்சைக் கூடங்களாக மட்டுமன்றி, நம் நோயாளரின் திசுக்களை ஆராயும் களங்களாகவும் வளர்தல் வேண்டும்.